பத்தாம் பானைக்கு எட்டு என்று சீட்டு

(கொல்லிமலை, வளப்பூர் நாட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வளப்பூர் நாட்டுக்கு வருகிறவர்கள் அறப்பளீசுரரைக் கும்பிட வருவார்கள். ஆகாய கங்கையில் குளிக்க வருவார்கள். நான் கணினியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் குறிப்பாக, தரவுக் கோப்பு ஒன்றை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றித் தரும் கட்டளை வரிக் கருவியைப் பற்றி. சென்னையிலோ பெங்களூரிலோ பேச வேண்டிய பொருள் அல்லவா இது? சாமையும் மிளகும் காப்பியும் விளைகிற மலையில் இதற்கு என்ன வேலை? நியாயமான கேள்வி. இந்த மலையிலேயே நடந்த ஒன்றைச் சொல்லி அதற்குப் பதில் தேடுகிறேன். அதில் நடந்த தவறு என்னுடையது.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு வீடு. அந்த வீட்டில் இருபத்து நான்கு விதைப் பானைகள். மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, செந்தினை, மூக்கந்தினை, கருமுழியன் கேழ்வரகு, சுண்டாங்கிக் கேழ்வரகு, திரிவரகு, பனிவரகு என்று பல விதை. மரவள்ளி வந்து ஜவ்வரிசி ஆலைக்கு லாரி லாரியாகக் கிழங்கு இறங்கத் தொடங்கிய பிறகு, பல வீடுகளில் சிறுதானிய விதையே இல்லாமல் போயிற்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் விதை வங்கி, விதைப் பரிமாற்றம் என்று வேலை செய்ததை நீங்கள் அறிவீர்கள். அதற்கும் முன்பிருந்தே, யாரும் சொல்லாமலே விதை காத்தவர் அந்த வீட்டு அம்மா. எந்தப் பானையில் எந்த விதை என்பது இருட்டிலும் அவருக்குத் தெரியும். நமக்குத் தெரியாதே! அதனால் அவருடைய பேரன், கல்லூரியில் படிக்கிற பையன், பாட்டி சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினான். பிறகு அதைக் கணினியில் ஏற்றினான். பானை எண் 001, 002, 003 என்று மூன்று இலக்கத்தில் வரிசையாகப் போட்டான்.

சீட்டு அச்சடிக்கிற மென்பொருளோ வேறொரு வடிவத்தில் கோப்பைக் கேட்டது. "அண்ணா, கொஞ்சம் மாத்திக் குடுங்கண்ணா" என்று எனக்கு அனுப்பினான். ஒரே ஒரு வரிக் கட்டளை. கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. மாற்றிக் கொடுத்துவிட்டேன். சீட்டு அச்சாயிற்று; விதையின் பெயரைப் பார்த்துப் பானையில் ஒட்டியும் ஆயிற்று. எண்ணை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த முறை நான் மலை ஏறியபோது அந்த அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஏந்தம்பி, எட்டுன்னு ரெண்டு பானை நிக்குது பாரு. ஒம்பதும் ரெண்டு. பத்துன்னு ஒட்டியிருக்கிறது பன்னெண்டாம் பானையில. கடைசிப் பானை இருபத்து நாலு. அதுல இருபதுன்னு இருக்கு. என்னய்யா கணக்கு இது?"

பார்த்தேன். எட்டாம் பானையில் 008 என்று சரியாக இருந்தது. பத்தாம் பானையில் வெறும் 8. பதினொன்றாம் பானையில் 9. முதல் ஏழு பானைகள் சரி. எட்டாவதும் ஒன்பதாவதும் சரி. பத்தாவதிலிருந்து தடுமாற்றம். கணினி கணக்கில் தவறுமா? தவறாது. அப்படியானால் பத்து எப்படி எட்டாயிற்று?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால், கோப்பின் வடிவம் என்றால் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும்.

பூக்கட்டுகிற தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள். கூடையில் பூ உதிரியாகக் கிடக்கிறது. கூடைக்குள் கை விட்டால் எந்தப் பூவையும் எடுக்கலாம். ஆனால் ஒருவர் தலையில் வைக்கவோ, சாமிக்குச் சார்த்தவோ, பேருந்தில் கீழே நாமக்கல்லுக்கு அனுப்பவோ உதிரிப்பூ ஆகாது. ஒன்றன்பின் ஒன்றாக நாரில் தொடுக்க வேண்டும். சரமாக்க வேண்டும். கணினியின் நினைவகத்தில் தரவு உதிரிப்பூவாகத்தான் கிடக்கிறது. அதைக் கோப்பில் எழுதவோ, இன்னொரு கணினிக்கு அனுப்பவோ சரமாகத் தொடுக்க வேண்டும். அந்த வேலையைத் தமிழில் சரமாக்கல் என்றே சொல்லலாம். எந்த முடிச்சுப் போட்டுத் தொடுப்பது என்ற ஒழுங்குதான் வடிவம்.

முடிச்சுகள் பல. மாணவர்கள் பெயர்களைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். காற்புள்ளியால் கட்டத்தைப் பிரிக்கிற சிஎஸ்வி மிகப் பழையது, மிக எளியது. 1998-இல் எக்ஸ்எம்எல் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னும் பின்னும் வாசற்கால் வைத்தது போல அடைப்புக்குறி. 2000-களின் தொடக்கத்தில் டக்ளஸ் கிராக்ஃபோர்டு ஜேசன் என்ற வடிவத்துக்குப் பெயர் வைத்துப் பரப்பினார். நீங்கள் கைப்பேசியில் பார்க்கிற வானிலையும், பேருந்துச் சீட்டும், வங்கி இருப்பும் பெரும்பாலும் அந்த வடிவத்தில்தான் பயணம் செய்கின்றன. ஏறக்குறைய அதே காலத்தில், 2001-இல், மனிதர் கண்ணுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்று யாமல் பிறந்தது. அடைப்புக்குறி வேண்டாம், மேற்கோள் குறி வேண்டாம், வரியை உள்ளே தள்ளி எழுதினால் போதும். 2013-இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் டாமல் என்ற வடிவத்தைத் தொடங்கினார். அதன் முதல் முழுப் பதிப்பு 2021-இல்தான் வெளிவந்தது. மெசேஜ்பேக், சிபோர் என்று இன்னும் இரண்டு உண்டு. அவை மனிதர் படிக்க அல்ல. கணினிக்குக் கணினி இடம் மிச்சப்படுத்தி அனுப்பிக்கொள்ள.

ஒரே மல்லியச் சாமை. ஒரே பானை. ஆனால் பேரன் எழுதியது யாமலில். சீட்டு அச்சடிக்கிற மென்பொருள் கேட்டது ஜேசனில். விரிதாளில் திறந்து பார்க்க நினைத்தவருக்கு வேண்டியது சிஎஸ்வி. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுகிறார்களே, அந்தப் பதிவேட்டுக்கு ஏற்றும்போது இன்னொரு வடிவம். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்ய முடியுமா? முடியாது. அங்கேதான் கருவி வருகிறது.

ரீமார்ஷல் என்று ஒரு கருவி. பைதான் மொழியில் எழுதியது, கட்டற்ற மென்பொருள், காசு இல்லை. ஜேசன், யாமல், டாமல், மெசேஜ்பேக், சிபோர் ஆகியவற்றுக்குள் எதிலிருந்து எதற்கும் மாற்றும். அதன் கட்டளைகளின் பெயரே விளக்கம். யாமல்-டூ-ஜேசன் என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் யாமல் ஜேசனாகும். ஜேசன்-டூ-டாமல் என்றால் ஜேசன் டாமலாகும். படம் இல்லை, பொத்தான் இல்லை. கருப்புத் திரை, ஒரு வரி, ஒரு எண்டர். 2012-இல் ஸ்டீபன் டோலன் வெளியிட்ட ஜேகியூ என்ற கருவி இதற்கு உறவு முறை. அது முறத்தைப் போல. ஜேசன் கோப்பைப் புடைத்து, வேண்டியதை மட்டும் முன்னால் தள்ளிக் கொடுக்கும். ஒன்றின் வெளியீட்டை இன்னொன்றின் வாயில் ஊற்றலாம். இதற்குக் குழாய் என்றே பெயர். யூனிக்ஸ் உலகில் 1973-இல் போட்ட குழாய் இன்றுவரை ஒழுகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதே வேலையை இணையத்தில் ஏதாவது ஒரு தளத்தில் ஒட்டி மாற்றிக்கொள்ளலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். ஒட்டலாம். ஆனால் அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது? எந்த வீட்டில் எந்த விதை, எவ்வளவு, யாரிடமிருந்து வந்தது, யார் நிலம், எந்தக் கைப்பேசி எண். முகம் தெரியாத ஒருவன் வீட்டுத் திண்ணையில் விதைப் பானையை இறக்கி வைத்துவிட்டு, "கொஞ்சம் பிரித்துக் கட்டிக் கொடு" என்று கேட்பீர்களா? கட்டளை வரிக் கருவி உங்கள் கணினிக்குள்ளேயே வேலை செய்கிறது. இணையம் வேண்டாம். மழைக்காலத்தில் கோபுரம் செத்துச் சிக்னல் போனாலும் அது ஓடும். பத்து வருடப் பழைய மடிக்கணினியிலும் ஓடும். இன்று தட்டிய அதே கட்டளையை அடுத்த ஆண்டும் தட்டினால் அதே வேலையைச் செய்யும். மலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் கண்டதில்லை.

இப்போது பத்தாம் பானைக்கு வருவோம்.

1970-களில் பிறந்த சி மொழியில் ஒரு வழக்கம் இருந்தது. எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போட்டால் அது பத்தடிமான எண் அன்று, எட்டடிமான எண் என்று பொருள். எட்டடிமானத்தில் பூஜ்யம் முதல் ஏழு வரைதான் இலக்கம். ஏழுக்கு அடுத்தது என்ன? எட்டு என்ற இலக்கமே கிடையாது. ஒன்றும் பூஜ்யமும் சேர்த்துத்தான் எட்டை எழுத வேண்டும். ஆக, பூஜ்யம் ஒன்று பூஜ்யம் என்று எழுதினால் அந்த வழக்கப்படி எட்டு. இந்தப் பழக்கத்தை யாமலின் 1.1 பதிப்பும் எடுத்துக்கொண்டது.

இப்போது பானைகளைப் பாருங்கள். 001 முதல் 007 வரை எந்த முறையில் படித்தாலும் ஒன்று முதல் ஏழுதான். ஆகவே சரியாக வந்தன. 008? எட்டடிமானத்தில் எட்டு என்ற இலக்கமே இல்லையே! "இது எண்ணே இல்லை, ஏதோ எழுத்து" என்று கருவி முடிவு செய்து, அப்படியே விட்டுவிட்டது. 009-க்கும் அதே கதை. 010 வந்தது. பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், எல்லாம் செல்லுபடியாகும் இலக்கம். எண் என்று எடுத்துக்கொண்டது. எட்டு என்று மாற்றியது. 011 ஒன்பதாயிற்று. 012 பத்தாயிற்று. 024 இருபதாயிற்று. கணக்கில் ஒரு பிசகும் இல்லை. கருவி தன் சட்டப்படி நடந்தது. அந்தச் சட்டம் எனக்குத் தெரிந்திருந்தும் நான் பார்க்கவில்லை. எது மாறியது, எது உதிர்ந்தது என்று பார்த்தேனா? பார்க்கவில்லை.

2009-இல் வந்த யாமல் 1.2 பதிப்பு இந்த வழக்கத்தைக் கைவிட்டது. ஆனாலும் இன்றும் பல நிரல் நூலகங்கள் 1.1-இன் வழியிலேயே நடக்கின்றன. புதிய பதிப்பின்படி படித்தாலும் 010 பத்தாக மாறுமே தவிர, முன்னால் இருக்கிற பூஜ்யம் போய்விடும். நாமக்கல்லின் தொலைபேசிக் குறியீடு 04286. எண் என்று எடுத்துக்கொண்டால் 4286 மிஞ்சும். அதைச் சுழற்றினால் யார் எடுப்பார்?

இன்னொன்று. பேருந்து நேரப் பட்டியல் ஒன்றை யாமலில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செம்மேட்டிலிருந்து 10:30-க்கு ஒரு வண்டி. பழைய பதிப்பு அதை அறுபதடிமான எண் என்று படிக்கும். பத்தை அறுபதால் பெருக்கி முப்பதைக் கூட்டும். மாற்றிய கோப்பில் 630 என்று நிற்கும். இதைவிட வேடிக்கையைக் கேளுங்கள். நாடுகளின் இரண்டெழுத்துக் குறியீட்டுப் பட்டியலில் நார்வேக்கு உரிய எழுத்துகள் என், ஓ. ஆங்கிலத்தில் அது 'இல்லை' என்ற சொல் அல்லவா? பழைய யாமல் அதை 'பொய்' என்ற தர்க்க மதிப்பாக எடுத்துக்கொண்டது. ஒரு நாடே பட்டியலில் பொய்யாகிப் போயிற்று! உலகம் முழுக்க நிரலாளர்களிடம் நார்வேச் சிக்கல் என்று இதற்குப் பெயரே உண்டு. தமிழில் 'இல்லை' என்று எழுதிப் பாருங்கள். ஒரு கருவியும் அதைத் தொடாது. இல்லை என்பது இல்லை என்றே நிற்கும். இதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

எண் என்ற பெயரில் எழுதுவதெல்லாம் எண்ணா? கூட்டிக் கழிக்கிறதுதான் எண். பானை எண், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் இவற்றை யாராவது கூட்டுவார்களா? அவை பெயர்கள். பெயரைப் பெயராக, மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். வங்கிக் கணக்கு எண்களில் பதினாறு இலக்கம் கொண்டவை உண்டு. 9,00,71,99,25,47,40,992 என்ற எல்லையைத் தாண்டினால் பல நிரல்கள் கடைசி இலக்கத்தைச் சரியாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. 2010-இல் ட்விட்டர் தன் பதிவுகளுக்கான எண்கள் அந்த எல்லையைத் தாண்டப் போகின்றன என்று கண்டு, ஒவ்வோர் எண்ணையும் எழுத்து வடிவத்திலும் சேர்த்தே அனுப்பத் தொடங்கியது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கு வந்த சிக்கல் மானியப் பட்டியல் எழுதுகிற நமக்கு வராதா?

எண்ணைத் திருத்தியாயிற்று. மேற்கோள் குறி போட்டு, மீண்டும் மாற்றி, புதுச் சீட்டு அடித்துக்கொண்டு போனேன். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எல்லாம் சரி என்று தலையசைத்தார். பிறகு கேட்டார்: "பேரு இருக்குது, நம்பரு இருக்குது. நான் சொன்ன சேதி எங்க தம்பி?"

எனக்குப் புரியவில்லை. பேரன்தான் மூலக் கோப்பைத் திறந்து காட்டினான். பத்தாம் பானையின் வரிக்குப் பக்கத்தில் ஒரு ஹேஷ் குறி போட்டு, பாட்டி சொன்னதை அப்படியே எழுதியிருந்தான். "நாத்தனா வீட்டுல இருந்து வந்தது. கலப்பு இல்ல. மழை பிந்தின வருசம் இதுதான் தாங்குச்சு." ஒவ்வொரு பானைக்கும் இப்படி ஒரு வரி, சிலவற்றுக்கு மூன்று வரி. எந்த விதை யார் கையால் வந்தது, எதை முதலில் எடுக்க வேண்டும், எதை யாருக்குக் கொடுத்துத் திரும்பி வரவில்லை, எல்லாம்.

மாற்றிய கோப்பில் அதில் ஒரு சொல் இல்லை. இருபத்து நான்கு பானைகளின் சேதியும் உதிர்ந்துபோயிருந்தது.

ஏன்? பூச்சரத்துக்கே திரும்புவோம். மாற்றும் கருவி என்ன செய்கிறது? பழைய சரத்தை உதிர்க்கிறது. பூவைக் கூடையில் போடுகிறது. புது முடிச்சில் மறுபடி தொடுக்கிறது. நடுநடுவே மரிக்கொழுந்து வைத்துக் கட்டியிருந்தீர்கள். உதிர்க்கும்போது, இது பூ இல்லை என்று மரிக்கொழுந்தைக் கருவி கீழே தள்ளிவிடுகிறது. ஹேஷ் குறிக்குப் பின்னால் எழுதுவது மனிதருக்கு. தரவில் சேராது என்பது விதி. அதோடு, ஜேசன் வடிவத்தில் குறிப்பு எழுத இடமே கிடையாது. சிலர் குறிப்புகளுக்குள் கணினிக்கான கட்டளைகளைத் திணிக்கத் தொடங்கியதால் அதை நீக்கிவிட்டதாகக் கிராக்ஃபோர்டு சொல்லியிருக்கிறார். அவர் பக்கத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் இந்த மலையில், அந்த வீட்டில், பட்டியலிலேயே விலைமதிப்பான பகுதி அந்தக் குறிப்புதான். மல்லியச் சாமை என்ற பெயரை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். நாத்தனார் வீட்டிலிருந்து கலப்பில்லாமல் வந்தது என்ற செய்தி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

சாமை குத்திய தாய்மார்களுக்குத் தெரியும். உரலில் போட்டு இடித்து, முறத்தில் புடைத்து, மறுபடி இடித்து, மறுபடி புடைத்து, உமி போக வேண்டும், அரிசி போகக்கூடாது. அவ்வளவு சிறிய தானியத்தில் உமி எது, அரிசி எது என்று அறிவது கண்ணும் கையும் பழகியவருக்கே கூடும். வடிவம் மாற்றுகிறவனுக்கும் அந்தக் கண் வேண்டும். கருவி புடைத்துத் தரும்; முறத்திலிருந்து கீழே விழுந்ததைக் குனிந்து பார்க்க வேண்டியவன் நான். எது உதிர்ந்தது என்று பார்த்தேனா? இரண்டாம் முறையும் பார்க்கவில்லை.

தமிழர்களுக்கு இந்தப் பாடம் புதிதா என்றால், புதிதில்லை. இதைவிடப் பெரிய அளவில் ஒரு முறை பட்டுத் தெளிந்திருக்கிறோம்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு வைத்திருக்கிறவர்கள் இந்த அவையில் நிச்சயம் இருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லைத் திறந்தால் என்ன தெரியும்? ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான் தமிழ்! 'கொல்லி' என்று அடித்திருந்தால் என், எஃப், எச், ஒய், அரைப்புள்ளி, ஒய், பி. ஏனென்றால் அந்தக் கோப்பில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் எழுத்தின் உருவத்தைப் போர்த்தியிருந்தார்கள். 1990-களில் இப்படி எத்தனை எழுத்துருவோ அத்தனை குறியேற்றம். ஓர் அச்சகத்தின் கோப்பு அடுத்த அச்சகத்தில் திறக்காது.

1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடி இதைப் பேசின. டிஸ்கி, டாம், டாப் என்று பொதுக் குறியேற்றங்கள் வந்தன. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களை டிஸ்கியில் ஏற்றியது. பிறகு அவற்றை, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியேற்றத்துக்கு மாற்றியது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட காலம் முழுவதும் தமிழைக் காப்பாற்றியவை மாற்றிகள். சுரதா யாழ்வாணன் உருவாக்கிய மாற்றியில் பக்கம் பக்கமாக ஒட்டி மாற்றாத தமிழ் எழுத்தாளர் குறைவு. அருளாளன் பைதானில் எழுதிய டெக்ஸ்ட்-டூ-யூனிகோட் என்ற கருவி இருபதுக்கும் மேற்பட்ட பழைய குறியேற்றங்களை யூனிகோடாக்குகிறது. ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பும் இதே பணியைச் செய்கிறது. இவர்கள் யாரும் இதில் பணம் பார்த்தவர்கள் அல்லர். இவர்களுக்குத் தமிழ்ச் சமூகம் நன்றி சொல்லித் தீராது.

அந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 'கொல்லி' என்ற சொல்லே போதும். பாமினியில் 'கொ' என்பது மூன்று தட்டு. முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடிலோ முதலில் க. அதன்பின் ஒகரக் குறி ஒன்று. ஆகவே மாற்றி எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது; கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு காலுக்காகக் காத்திருக்க வேண்டும். அதோடு முடியவில்லை. யூனிகோடுக்குள்ளேயே ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு ஒன்று ஆறு குறி கொண்ட கொல்லி. இன்னொன்று ஏழு குறி கொண்ட கொல்லி. ஒருவர் அப்படியும் இன்னொருவர் இப்படியும் எழுதிய பட்டியலை இணைத்தால், தேடும்போது பாதிக் கொல்லி கிடைக்காது. மாற்றும்போதே எல்லாவற்றையும் ஒரே முறைக்குக் கொண்டுவர வேண்டும்.

கோப்பு பாழாகாமலே பாழானதுபோலத் தோன்றுவதும் உண்டு. சிஎஸ்வி கோப்பை விரிதாளில் திறந்ததும், மேலே கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ, மறுபடி ஆர் என்று திரை முழுக்க நிறைவதைப் பார்த்துப் பதறியிருப்பீர்கள். பதற வேண்டாம். தமிழ் அப்படியே உள்ளே இருக்கிறது. விரிதாள் தப்பான கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறது. திறக்கும்போது இது யூனிகோடின் யூடிஎஃப்-8 முறை என்று சொல்லிக் கொடுத்தால் தமிழாகவே தெரியும். ஜேசனாக மாற்றும்போது சில கருவிகள் 'சாமை' என்ற நான்கு குறிகளை ஆங்கில எழுத்தும் எண்ணும் சாய்கோடுமாக இருபத்து நான்கு குறிகளாக விரித்து எழுதும். அதிலும் எதுவும் தொலையவில்லை. கண்ணால் படிக்க முடியாது, அவ்வளவே. தொலைந்தது எது, தொலைந்ததுபோலத் தெரிவது எது என்று பிரித்தறியப் பழகுங்கள்.

எப்படிப் பழகுவது? எனக்கு அந்த அம்மா கற்றுக்கொடுத்த வழி இருக்கிறது. அவர் ஒருவருக்கு விதையைப் படியால் அளந்து கொடுத்தால், திரும்பி வாங்கும்போதும் அதே படியால் அளப்பார். நாமும் அதையே செய்யலாம். யாமலை ஜேசனாக்குங்கள். அந்த ஜேசனைத் திரும்ப யாமலாக்குங்கள். மூலத்தையும் திரும்பி வந்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். டிஃப் என்ற பழைய யூனிக்ஸ் கட்டளை அதற்கென்றே இருக்கிறது. 010 எட்டாகத் திரும்பி வந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். குறிப்பு உதிர்ந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். தேதி மாறியிருந்தாலும் காட்டிக்கொடுக்கும். நான் அன்று இதைச் செய்திருந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

கருவிகளிலும் நல்லவை சிக்கலான இடத்தில் நின்று எச்சரிக்கும். யாமலில் தேதி என்று ஒரு வகை உண்டு, ஜேசனில் கிடையாது. டாமலில் வெற்று மதிப்பு என்பதே கிடையாது. வெறும் பட்டியலை அப்படியே டாமலாக்கவும் முடியாது. இப்படிப்பட்ட இடங்களில் ரீமார்ஷல், நீயாகச் சொன்னால் தேதியை எழுத்தாக்குகிறேன், நீ ஒரு பெயர் கொடுத்தால் பட்டியலை அதற்குள் பொதிகிறேன் என்று தனித்தனி விருப்பங்களை வைத்திருக்கிறது. தானாக ஊகித்து முழுங்குகிற கருவியைவிட, நின்று கேட்கிற கருவி ஆயிரம் மடங்கு மேல்.

அந்தப் பையன் இப்போது கோப்பை மாற்றி எழுதிவிட்டான். ஹேஷ் குறிக்குப் பின்னால் எதுவும் இல்லை. பெயர், எண் போலவே 'சேதி' என்று தனியாக ஒரு புலம். அதில் பாட்டி சொன்ன வார்த்தை, அவர் பேச்சிலேயே. தரவாக எழுதிவிட்டதால் எந்த வடிவத்துக்குப் போனாலும் அது கூடவே போகிறது. ஜேசனுக்குப் போனது, சிஎஸ்விக்குப் போனது, திரும்பி வந்தது. ஓர் எழுத்தும் உதிரவில்லை. பத்தாம் பானையில் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. மேலே 010. அதன் கீழே மல்லியச் சாமை. அதன் கீழே நாத்தனார் வீடு.

இந்த அவையில் இருக்கிற இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வளப்பூர் நாட்டில் எத்தனை வீடுகளில் விதைப் பானை இருக்கிறது, எத்தனை பாட்டிமார் நெஞ்சில் எத்தனை சேதி இருக்கிறது என்று நீங்கள்தான் எழுத முடியும். எழுதுங்கள். கணினியில் ஏற்றுங்கள். எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் ஏற்றுங்கள், மாற்றிக்கொள்ளக் கருவி இருக்கிறது. ஏற்றிய பிறகு, பாட்டி சொல்லச் சொல்ல எழுதிய அந்த நோட்டை மட்டும் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இதே கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன். நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். முடிந்தால் பாட்டியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.